வலி இல்லை என்று பதிவாகட்டும்

கழுத்துக்கு என்ன என்றுதானே கேட்டீர்கள்? ஒன்றுமில்லை. பட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டை போட்டவனெல்லாம் நோயாளி என்றால் எங்கள் சங்கத்தில் ஒரு காலத்தில் பாதிப் பேர் நோயாளிகள். உட்காருங்கள். ஸ்கேனுக்கா வந்திருக்கிறீர்கள்? அம்மாவுக்கா? உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள் என்றால் நேரமாகும். கேட்கிறதா, அந்த மிஷின் தட்டுகிற சத்தம்? தறிக்கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அடுத்தது நான்.

ஆவுடையப்பன் என்று பெயர். மில்கேட் ஆவுடையப்பன் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. தெரியாதா? பரவாயில்லை, நீங்கள் சின்ன வயது. மில்லை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நடக்கிறது. நான் இப்படிப் புத்தகத் தமிழில் பேசுகிறேன் என்று என் மருமகன் கிண்டல் செய்வார். நான் பள்ளிக்கூடத்தில் கற்றது குறைவு. துண்டுப் பிரசுரம்தான் என் பாடப்புத்தகம். அதில் இருக்கிற தமிழ்தான் வாயில் வரும். வாயிலிருப்பதை மாற்ற வயதில்லை.

விபத்துதான். கார் விபத்து. கார் என்னுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகனுடையது. சீனிவாசகம் என்று பெயர், ஒரு கம்பெனியில் பணியாளர் அதிகாரி. புரிகிறதா? தொழிலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கிற வேலை. நாற்பது வருடம் நான் மேஜைக்கு இந்தப் பக்கம், என் மகளைக் கட்டியவர் அந்தப் பக்கம். காதல் கல்யாணம். தடுக்கவில்லை. தடுத்தால் நான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். மகளுக்கு விடுதலைச்செல்வி என்று பெயர் வைத்தேன். அவர் அதில் முதல் பாதியை எடுத்துவிட்டுச் செல்வி என்று கூப்பிடுகிறார். கேட்டால், "நீளமா இருக்கு மாமா" என்கிறார். விடுதலை அவருக்கு நீளமாக இருக்கிறது.

போன மாதம் கோவில்பட்டிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார், நான் முன்னால், மகள் பின் சீட்டில் பலகாரத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு. கங்கைகொண்டான் தாண்டி ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிறுத்தவில்லை. அவ்வளவுதான். சத்தம் பெரிது. என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. சட்டையை உதறுகிற மாதிரி. தூக்கிலிருந்த அதிரசம் ஒன்று முன் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கினேன். மருமகன் அதற்குள் லாரிக்காரப் பையனின் சட்டையைப் பிடித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "கையை எடுங்கள்" என்றேன். "இவன் கண்ணைப் பாருங்கள். இவன் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டீர்களா? இவனைத் தூங்கவிடாமல் ஓட்ட வைத்த முதலாளி எங்கே? அவன் சட்டையைப் பிடிப்பீர்களா?" என்று ஆரம்பித்தேன். அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து, "ஐயா, ஒங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?" என்றான். "இல்லை தம்பி" என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் 'இல்லை'. அதன் பிறகு தொழிலாளியின் வேலை நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசினேன். நல்ல கூட்டம். ஆடு மேய்க்கிறவர்கூட நின்று கேட்டார். பேசி முடித்துப் பார்த்தால் லாரி இல்லை.

சரக்குக்கு நேரமாகியிருக்கும். குறை சொல்ல முடியாது.

மருமகன் நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தார். "கேஸ் போடுறேன் மாமா. ஒங்க கழுத்துல அடின்னு டாக்டர் எழுதிக் குடுத்தாப் போதும், அவன் லைசென்ஸ் போயிரும்" என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள். என் கழுத்தை வைத்து ஒரு தொழிலாளியின் கழுத்தை அறுக்கப் பார்க்கிறார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கேயும் இதே மாதிரிப் பட்டையைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் இப்போதுதான் மீசை முளைத்த பையன். "தாத்தா, கழுத்து வலிக்குதா?" என்றார். நான் அவருக்குத் தாத்தா இல்லை. அதைச் சொன்னேன். "சரிங்கய்யா. வலிக்குதா?"

"இல்லை."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. வேலைநிறுத்தத்தின்போது எங்களை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு ஏட்டு. அடித்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பெற்ற தகப்பன் மாதிரி, "எங்கலே வலிக்கி?" என்று கேட்பார். "முட்டுல ஐயா" என்று ஒருவர் சொன்னார். அடுத்த அடி அதே முட்டில். அவர் இன்றைக்கும் நொண்டுகிறார். அன்றைக்கு நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவனிடம் இடத்தைச் சொல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை. பிறகு மில்லில் உள் விசாரணை வந்தபோதும் அதே முடிவுதான். கேட்டதற்கு ஒரு சொல். முகம் அசையக் கூடாது. நான் அதில் பெயர் வாங்கியவன்.

அந்த டாக்டர் பையன் என் பின் கழுத்தில் விரலை வைத்து எலும்பு எலும்பாக அமுக்கிக்கொண்டு இறங்கினார். "இங்க?" இல்லை. "இங்க?" இல்லை. நடுவில் ஒரு இடம். அங்கே அமுக்கியபோது மேலே இருந்த டியூப் லைட் அணைந்து எரிந்தது. கரண்ட் போகவில்லை. எனக்கு மட்டும்தான் அப்படி. "இங்க?"

"இல்லை."

"விரல்ல மரத்த மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி?"

"இல்லை."

மருமகன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குத் தலைமாட்டில் நிற்கிறார். விசாரணை அதிகாரிக்குப் பக்கத்தில் நிர்வாகத் தரப்பு நிற்கிற அதே இடம். "யோசிச்சுச் சொல்லுங்க மாமா. எறங்கும்போது கழுத்தப் புடிச்சீங்களே."

"துண்டைச் சரி செய்தேன்."

பட்டையைக் கழற்றித் தலையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். எப்படித் திருப்பினேன் என்று கேட்காதீர்கள், திருப்பினேன். டாக்டர் என் கையைப் பிடித்து அமுக்கச் சொன்னார், அமுக்கினேன். பிறகு மருமகனிடம் சொன்னார்: "எலும்புல வலி இருந்தாலோ தலை திரும்பலன்னாலோ படம் எடுப்போம் சார். இவருக்கு ஒண்ணுமே இல்ல. தேவையில்ல. கூட்டிட்டுப் போங்க."

அதாவது எல்லாம் என் வாக்குமூலத்தில்தான் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விசாரணை அதிகாரி நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். வெற்றிதான். கேஸ் இல்லை. அந்தப் பையனின் லைசென்ஸ் போகவில்லை. அவன் பெயர் என்னவா? கேட்கவில்லை. பெயர் எதற்கு, தொழிலாளி.

அதற்குப் பிறகு நாற்காலியில் தூங்கினேன். படுத்தால் புத்தகம் படிக்க முடியாது, அதனால். சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டேன். மகள் கேட்டாள்: "எப்பருந்துப்பா ஸ்பூனு?"

"உன் வீட்டுக்காரர் சாப்பிடவில்லையா? அவர் சாப்பிட்டால் நாகரிகம், நான் சாப்பிட்டால் விசாரணையா?"

அவள் குழம்பை ஊற்றினாள். ஒரு தடவை டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பழைய செருப்பு. வார் தளர்ந்திருக்கும். டீக்கடைப் பெஞ்சில் இருந்த பையன்கள் கொண்டுவந்து கொடுத்து, "தோழர், புரட்சி பாதி வழியில நிக்குது போல" என்றார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கொடியேற்றம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தோழர் கோயில்பிச்சை தெரியுமா? தெரிய நியாயமில்லை. என்னோடு ஸ்டேஷனில் இருந்தவர். அவர் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் பழைய மில்கேட்டில் கொடி ஏற்றுவோம். கல்யாண மண்டபத்துக்காரர்கள் கம்பத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்றுவது நான்தான். வேறு யாரும் ஏற்றியதில்லை. பத்துப் பதினைந்து பேர், ஆட்டோ சங்கத்துப் பையன்கள் சிலர். மகளும் வந்திருந்தாள், நான் கூப்பிடாமலே. கயிற்றை இழுத்தேன். கொடி ஏறியது. பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கயிறு கைக்குள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கயிறு கையில் ஓடுகிறது, கை அதைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கி நெஞ்சோடு வைத்து நிறுத்தினேன்.

பின்னால் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "தோழர் அரைக்கம்பத்துல நிறுத்திட்டாரு."

உடனே எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் அழவே ஆரம்பித்துவிட்டார். நான் என்ன செய்வது? கயிற்றை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் கோயில்பிச்சைக்கு இவ்வளவு நல்ல அஞ்சலி நடந்ததில்லை. இதைத் திட்டமிட்டே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

மகள் மட்டும் தலையைக் குனியவில்லை. நேராக நடந்து வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கயிறு ஓடின இடம் உரிந்து ரத்தம் வந்திருந்தது.

"எரியலையாப்பா?"

"தோழர் நினைப்பில் தெரியவில்லை."

"தோழர் செத்து ஒம்பது வருசம் ஆச்சுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். நேற்று சாயங்காலம் நடந்தது. இன்றைக்குக் காலையில் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மருமகன் வரவில்லை, அவருக்கு ஆபீஸ். வராததும் நல்லதுதான்.

இங்கே டாக்டரம்மா கெட்டிக்காரி. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலிக்கிறதா என்று கேட்கவே இல்லை. வந்தவுடன் பட்டையைக் கட்டினார். பிறகு என் நடு விரலைப் பிடித்து நகத்தைச் சுண்டினார். சுண்டியதும் என் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. நான் மடக்கவில்லை. மறுபடி சுண்டினார், மறுபடி மடங்கியது. அவர் மகளைப் பார்த்தார். என் கட்டைவிரலே எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டது என்று அப்போதே புரிந்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் உதைத்தது. கால்பந்து ஆடுகிற மாதிரி. நான் உதைக்கவில்லை.

"ஐயா, கண்ண மூடுங்க. ஊசியால லேசாக் குத்துவேன். குத்துறது தெரியும்போதெல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். கண்ணைக் கட்டி வைத்தும் எங்களைக் கேட்டிருக்கிறார்கள், எனக்குப் புதிதில்லை. இது எளிது. குத்துக்கும் குத்துக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். தோளில் குத்தினார், உண்மையாகவே தெரிந்தது. "தெரியுது." முழங்கைக்கு மேலே, "தெரியுது." அதன் பிறகு அந்தக் கணக்கிலேயே சொல்லிக்கொண்டு போனேன். தெரியுது. கொஞ்சம் விட்டு, தெரியுது. நடுவில் ஒன்றைத் தெரியாதது போல விட்டேன், நம்பிக்கை வருவதற்காக. மறுபடி, தெரியுது. அறை அமைதியாக இருந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

"கண்ணத் தொறங்கய்யா."

ஊசி மேஜை மேல் தட்டில் கிடந்தது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வலது கை மகளின் மடியில் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்ததால் பட்டைக்கு மேலே கண்ணை மட்டும் இறக்கிப் பார்க்க முடிந்தது. பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"எவ்வளவு நேரமாப் புடிச்சிருக்கேன், தெரியுமாப்பா?"

"தெரியும்" என்றேன்.

குத்தாமல் குத்துவதாகச் சொல்லிக் கேட்பது விசாரணை தர்மம் இல்லை. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தப்புதான்யா" என்றார். கோபமில்லாமல் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டு சொன்னார்: "கழுத்துல நரம்புத் தண்டை ஏதோ அழுத்துது. ஸ்கேன்ல எங்கன்னு தெரிஞ்சிரும். ஆனா எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு வேகமா மோசமாகுதுன்னு ஸ்கேன் சொல்லாது, நீங்கதான் சொல்லணும். அத வச்சுத்தான் இன்னைக்கே ஆபரேஷனா, பொறுக்கலாமான்னு நான் முடிவு பண்ணணும். விட்டா அடுத்தது காலு. அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க."

சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நம்புங்கள். கேட்கிறவர் ஏட்டு இல்லை, லாரிப் பையனுக்கும் இனி ஆபத்து இல்லை. வாயைத் திறந்தேன். வரவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். நாற்பது வருடமாகப் பூட்டிய பூட்டு, சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா காத்திருந்தார். மிஷின் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

உள் விசாரணையில் ஒரு விதி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தனக்குப் பதிலாகப் பேச ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமைக்காகவே நாங்கள் ஒரு தடவை வெளிநடப்பு செய்திருக்கிறோம். "என் தரப்பில் இவள் பேசுவாள்" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "யாராவது பேசுங்க" என்றார்.

மகள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் தூங்குவது, புத்தகம் மடியில் ஒரே பக்கத்தில் கிடப்பது. ஸ்பூன். சட்டைப் பொத்தானை ஒரு தடவை போட்டுவிட்டு, பிறகு அவிழ்க்காமல் தலைவழியாகவே கழற்றி மாட்டுவது. அதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிடி விட்டது முதலில் சுண்டுவிரல் பக்கம், போன வாரத்திலிருந்து கை முழுக்க. நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு போவது. விபத்தன்றே ரோட்டில் பேசும்போது கையை ஓங்கப்போய்ப் பாதியில் இறக்கியது. எல்லாம் சரி. குறுக்கு விசாரணை செய்ய எனக்கு எதுவும் இல்லை. இப்படி ஒரு பிரதிநிதி அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது சொன்னாள்: "எங்கம்மாவும் இப்படித்தான் டாக்டர்."

என் மனைவி. செண்பகவல்லி. வயிற்றில் கட்டி. கடைசி மாதம் வரை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்று சொன்னார்கள். நான் இரங்கல் கூட்டத்தில், சிறைக்குப் போகாத போராளி என்று அவளைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். நான் கேட்காமல் இல்லை. ஒரு நாள் அடுப்படியில் குனிந்தபடியே நின்றாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

அது இந்த வழக்கில் இல்லாத விஷயம். ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டுவிட்டு, "இன்னைக்கே பண்ணணும்" என்றார். அதனால்தான் இந்த மிஷின். அதனால்தான் மகள் கீழே ரத்தம் ஏற்பாடு செய்யப் போயிருக்கிறாள். நான் பயப்படவில்லை. இவ்வளவு நேரம் உங்களோடு பேசியதில் பயந்தவன் மாதிரியா இருக்கிறேன்?

என்ன சொன்னீர்கள்? யார், என் மகளா? படி இறங்கும்போது நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டாளா?

முழு உடம்பையும் திருப்பினாளா. கழுத்தை மட்டும் திருப்பவில்லையா.

தூக்கம் கெட்டிருக்கும். ராத்திரி முழுக்க என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வண்டியில் அவளும் இருந்தாள். லாரி இடித்தது பின்பக்கம். அவள் இருந்தது பின்பக்கம். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவளைப் படுக்க வைத்து அமுக்கிப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைச் சுற்றித்தான் நின்றார்கள். ஆனால் நான் கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எனக்கென்னப்பா, ஒண்ணுமில்ல" என்றாள். உடனே சொன்னாள். குரல் கொஞ்சங்கூட மாறவில்லை.

கொஞ்சங்கூட மாறவில்லை.

இருங்கள். அது அவள் செருப்புச் சத்தம்தான். எனக்குப் பின்னால்தானே வருகிறாள்? இந்தப் பட்டையோடு என்னால் திரும்ப முடியாது. நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். எழுந்து அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், அவளுக்குப் பக்கவாட்டில். அங்கிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விடுதலை என்று கூப்பிட்டால் போதும், அவள்தான் திரும்புவாள். எப்படித் திரும்புகிறாள் என்று பாருங்கள்.

பார்த்துவிட்டு என்னிடம் வந்து உள்ளதைச் சொல்லுங்கள்.